நாடாளுமன்றக் குழுவுக்கு யார் தலைவர், எந்த வேலை முதலில்? ஓர் எளிய விளக்கம்

"நம்ம பக்கத்து எம்.பி.யை டெல்லியில கமிட்டி சேர்மன் ஆக்கிட்டாங்களாம். இனிமே கேட்டதெல்லாம் வந்துரும்லா அண்ணாச்சி?" இந்தப் பேச்சு நெல்லைச் சீமையில் அடிக்கடி காதில் விழுகிறது. தூத்துக்குடி எம்.பி. கனிமொழி 2022இல் ஊரக வளர்ச்சி நிலைக்குழுவுக்குத் தலைவரானபோதும், 2024 செப்டம்பரில் நுகர்வோர் நலன், உணவு, பொது விநியோக நிலைக்குழுவுக்குத் தலைவரானபோதும் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். உணவுக் குழுத் தலைவர் என்றால் நம்ம ரேஷன் கடைக்கு அரிசி கூடுதலாக வரும் என்று நம்பியவர்களும் உண்டு.

வராது. அதற்காக அந்தப் பதவியால் ஒன்றும் ஆகாது என்று தள்ளிவிடவும் முடியாது. குழுவால் என்ன ஆகும் என்று விளங்க இரண்டு விஷயங்கள் தெரிந்தால் போதும்: தலைவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், எந்த விஷயத்தை முதலில் கையில் எடுப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள். செய்திகளில் இந்த இரண்டையும்தான் அதிகமாகக் குழப்பிவிடுகிறார்கள்.

குழு எதற்கு?

கோயில் கொடையை நினைத்துக்கொள்ளுங்கள். தலைக்கட்டுக்கு இவ்வளவு வரி என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகிறது. வில்லுப்பாட்டுக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு, பந்தலுக்கு எவ்வளவு என்பதை இருநூறு பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து பேசினால் கொடை அடுத்த ஆடிக்குத்தான் நடக்கும். ஆகவே ஐந்தாறு பேரிடம் அந்த வேலையை ஒப்படைக்கிறார்கள். அவர்கள் விசாரித்து, விலை பேசி, ஊர்க்கூட்டத்தில் வந்து சொல்கிறார்கள். முடிவு ஊர்க்கூட்டத்துடையது. விசாரிப்பது மட்டுமே அந்த ஐந்தாறு பேர் வேலை.

நாடாளுமன்றக் குழுவும் இதே மாதிரிதான். மக்களவையில் 543 இடங்கள், மாநிலங்களவையில் 245. இத்தனை பேரும் ஒரு அமைச்சகத்தின் வரவு செலவை வரிவரியாகப் படித்து, செயலாளரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்க முடியாது. அதைச் செய்வதற்கென்று பிரித்து வைத்த சிறு கூட்டம்தான் குழு. கேமரா இல்லாத அறையில், மூடிய கதவுக்குள் கூடும். அதனாலேயே கட்சிக்காகக் கத்த வேண்டிய கட்டாயம் குறைகிறது. அவையில் முறைத்துக்கொள்பவர்கள் குழுவில் ஒரே கேள்வியைச் சேர்ந்து கேட்பதும் உண்டு.

செய்தியில் அதிகம் வருவது துறைசார் நிலைக்குழு. ஒன்றோ சிலவோ அமைச்சகங்களை ஆண்டு முழுவதும் கவனிக்கும் குழு என்று பொருள். 1993இல் 17 குழுக்களோடு இந்த முறை தொடங்கியது. 2004இல் 24 ஆயின. ஒவ்வொன்றிலும் 31 பேர்: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. 24ஐ 31ஆல் பெருக்கினால் 744. அமைச்சர்கள் இந்தக் குழுக்களில் இருக்கக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள், அமைச்சராக இல்லாத எம்.பி. அநேகமாக எல்லோருமே ஏதோ ஒரு குழுவில் இருப்பார்கள். உங்கள் எம்.பி. எந்தக் குழுவில் இருக்கிறார் என்பது நாடாளுமன்ற இணையதளத்தில் அவர் பெயருக்குக் கீழேயே இருக்கிறது.

இந்த 24இல் 16 குழுக்கள் மக்களவையின் கீழும், 8 குழுக்கள் மாநிலங்களவையின் கீழும் வருகின்றன. ரயில்வே, தொழிலாளர், எரிசக்தி, ஊரக வளர்ச்சி எல்லாம் மக்களவைப் பக்கம். உள்துறை, கல்வி, சுகாதாரம், அறிவியல்–சுற்றுச்சூழல் ஆகியவை மாநிலங்களவைப் பக்கம். கூடங்குளத்தின் அணுசக்தித் துறையும் மகேந்திரகிரியின் விண்வெளித் துறையும் அந்த அறிவியல்–சுற்றுச்சூழல் குழுவின் கீழ்தான் வருகின்றன.

தலைவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பதில்லை

பலரும் தவறாக நினைப்பது இதைத்தான். 31 பேர் கூடி, கை தூக்கி, தங்களில் ஒருவரைத் தலைவராக்குகிறார்கள் என்று எண்ணிக்கொள்கிறோம். பஞ்சாயத்துத் துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு.

குழுவின் நடைமுறை வேறு. மக்களவையின் கீழுள்ள குழுவுக்குச் சபாநாயகரும், மாநிலங்களவையின் கீழுள்ள குழுவுக்கு அந்த அவையின் தலைவரான குடியரசுத் துணைத்தலைவரும் தலைவரை நியமிக்கிறார்கள். குழுவின் உறுப்பினர்களில் ஒருவரையே நியமிக்க வேண்டும், வெளியாளைக் கொண்டுவர முடியாது. மக்களவை விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது: துணைச் சபாநாயகர் ஒரு குழுவில் உறுப்பினராக இருந்தால் அவரைத்தான் தலைவராக்க வேண்டும்.

தாளில் இருக்கும் விதி இவ்வளவுதான். நடப்பில் அதற்கு முன்பே பெரிய வேலை முடிந்துவிடும். ஒவ்வொரு கட்சிக்கும் அவையில் எத்தனை இடம் என்பதை வைத்து, எத்தனை குழுத் தலைவர் பதவி, எந்தெந்தக் குழு என்று கட்சித் தலைவர்களும் நாடாளுமன்ற விவகார அமைச்சகமும் பேசி முடிக்கிறார்கள். பேச்சில் இழுபறி வருவது உள்துறை, நிதி, பாதுகாப்பு, வெளியுறவு போன்ற குழுக்களில்தான். அதன்பின் கட்சிகள் தங்கள் ஆட்களின் பெயர்களை எழுதிக் கொடுக்கின்றன. சபாநாயகர் கையெழுத்திடும்போது அநேகமாக எல்லாம் முடிந்துபோன விஷயம். அதனால் ஒருவர் குழுத் தலைவராவதில் அவருடைய துறை அறிவைவிட, அவருடைய கட்சிக்குக் கிடைத்த பங்கும் கட்சிக்குள் அவருக்கு இருக்கும் இடமும் அதிக வேலை செய்கின்றன. திறமைசாலிகள் வருவதில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. குழுவுக்குள் நடக்கும் வாக்கெடுப்பால் யாரும் வருவதில்லை என்பதே பொருள்.

உறுப்பினர்களால் தலைவரைத் தேர்ந்தெடுக்க முடியாது என்றால் நீக்கவும் முடியாது. 2011 ஏப்ரலில் இது வெளிச்சத்துக்கு வந்தது. அரசின் செலவுக் கணக்கைச் சரிபார்க்கும் பொதுக் கணக்குக் குழு 2ஜி அலைக்கற்றை பற்றித் தயாரித்த வரைவு அறிக்கையை உறுப்பினர்களில் 11 பேர் எதிர்த்தார்கள். தலைவர் முரளி மனோகர் ஜோஷி கூட்டத்தைவிட்டு எழுந்து போனபின், மாநிலங்களவை உறுப்பினர் சைபுதீன் சோஸைத் தலைவராக உட்காரவைத்து, வரைவை நிராகரித்ததாக அறிவித்தார்கள். தலைவர் வராத ஒரு கூட்டத்துக்கு மட்டும் தங்களில் ஒருவரை உட்காரவைக்க விதி இடம் தருகிறது. நிரந்தரத் தலைவரை மாற்ற அந்த விதி உதவாது. ஜோஷி தன் அறிக்கையைச் சபாநாயகர் மீரா குமாரிடம் அனுப்பினார். சபாநாயகர் அதை ஏற்காமல் திருப்பி அனுப்பினார். ஆனால் அடுத்த ஆண்டுக்கும் ஜோஷியே தலைவராக நியமிக்கப்பட்டார்.

இதுவரை பார்த்தது: குழுத் தலைவரை நியமிப்பவர் அவையின் தலைவர் (மக்களவைக்குச் சபாநாயகர், மாநிலங்களவைக்குக் குடியரசுத் துணைத்தலைவர்). எந்தக் கட்சிக்கு எந்தக் குழு என்பது பேரத்தில் முடிவாகிறது. குழு உறுப்பினர்களுக்கு இதில் ஓட்டு இல்லை.

ஓட்டு நடக்கும் குழுக்களும் உண்டு

நிதிக் குழுக்கள் என்று மூன்று இருக்கின்றன. மதிப்பீட்டுக் குழுவில் 30 பேர், எல்லோரும் மக்களவையினர். பொதுக் கணக்குக் குழுவிலும் பொதுத்துறை நிறுவனங்கள் குழுவிலும் 22 பேர் வீதம்: மக்களவையிலிருந்து 15, மாநிலங்களவையிலிருந்து 7. இவற்றின் உறுப்பினர்களை (தலைவரை அல்ல) அவையே தேர்ந்தெடுக்கிறது.

தேர்தல் முறைக்கு விகிதாசாரப் பிரதிநிதித்துவம் என்று பெயர். கட்சிகளின் பலத்துக்கு ஏற்ற அளவில் இடம் கிடைக்கச் செய்யும் முறை. ஒவ்வொரு எம்.பி.யும் 1, 2, 3 என்று வரிசை போட்டு விருப்பத்தைக் குறிக்கிறார். 543 பேர் ஓட்டுப் போட்டு 15 இடம் நிரப்ப வேண்டும் என்றால், 543ஐ 16ஆல் வகுத்து, வரும் முழு எண்ணோடு ஒன்று கூட்டினால் 34. இந்த 34 பேரின் முதல் விருப்பம் கிடைத்தவர் வென்றுவிடுவார். ஆகவே 34 பேர் உள்ள கட்சிக்கு ஓர் இடம் உறுதி, 68 பேர் உள்ள கட்சிக்கு இரண்டு. அதற்குக் குறைவாக இருப்பவர்கள் மற்றவர்களோடு சேர்ந்து நிற்க வேண்டும். நடைமுறையில் கட்சிகள் முன்கூட்டியே பேசி, இடங்களுக்குச் சரியான எண்ணிக்கையில் ஆள் நிறுத்துவதால் போட்டியில்லாமலே முடிவது வழக்கம்.

உறுப்பினர்கள் இப்படி வந்தாலும், தலைவரை நியமிப்பவர் இங்கும் சபாநாயகர்தான். பொதுக் கணக்குக் குழுவுக்கு மட்டும் ஒரு மரபு இருக்கிறது: 1967 முதல் அதன் தலைவர் எதிர்க்கட்சிக்காரர். அப்படி முதலில் வந்தவர் மினு மசானி. எழுதிவைத்த விதி இல்லை என்றாலும் இத்தனை காலமாக நிற்கிறது.

ஏன் இந்த மரபு என்று கேட்டால், மறுபடியும் கொடைக்குத்தான் போக வேண்டும். வரி வாங்கியவரும் செலவு செய்தவரும் ஒரே ஆள் என்றால், கணக்கு வாசிக்கும்போது வேறு தெருக்காரர் ஒருவர் கையில் நோட்டு இருக்க வேண்டும் என்று ஊரே கேட்கும். பொதுக் கணக்குக் குழு 1921இல் தொடங்கியது. 1950 வரை அதற்குத் தலைவராக இருந்தவர் யார் தெரியுமா? அரசின் நிதி உறுப்பினர், அதாவது இன்றைய நிதியமைச்சரின் இடத்தில் இருந்தவர். பணப்பையை வைத்திருந்தவரே கணக்கையும் சரிபார்த்தார். குடியரசான பிறகுதான் அது சபாநாயகரின் கீழ் வந்தது. எதிர்க்கட்சி கைக்குப் போக இன்னும் 17 ஆண்டுகள் ஆயின.

எந்த வேலை முதலில்? காலம்தான் பாதி முடிவு செய்கிறது

"குழுத் தலைவர் நினைத்தால் நம்ம பிரச்சினையை எடுக்கலாம்லா?" என்பது அடுத்த கேள்வி. இதற்குத் தாமிரபரணிப் பாசனக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது எளிது. கார் சாகுபடிக்கு ஜூனில் தண்ணீர் திறந்தால் நாற்றங்கால் போட வேண்டும், பிசானத்துக்கு ஐப்பசி தப்பவிடக் கூடாது. களத்தைச் சீர் செய்வது, வரப்பு உயர்த்துவது, மாட்டுத் தொழுவம் கட்டுவது எல்லாம் நடவும் அறுப்பும் போக மிச்சமிருக்கும் நாளில்தான். மிச்ச நாளில் எதைச் செய்வது என்பது உங்கள் விருப்பம். நடவை எப்போது வைத்துக்கொள்வது என்பது உங்கள் விருப்பம் இல்லை.

நிலைக்குழுவுக்கு நடவு என்பது மானியக் கோரிக்கை. ஒவ்வொரு அமைச்சகமும் அடுத்த நிதியாண்டுக்கு எந்தெந்த வேலைக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று மக்களவையிடம் கேட்கும் பட்டியல் அது. பிப்ரவரி 1இல் பட்ஜெட் வருகிறது. பிறகு சில வாரங்கள் அவைக்கு இடைவேளை. அந்த இடைவேளைக்குள் குழு தன் கீழ் வரும் எல்லா அமைச்சகங்களின் கோரிக்கையையும் படித்து, செயலாளர்களை விசாரித்து, அறிக்கை எழுதி முடிக்க வேண்டும். அவசரமாகச் செய்யும் வேலைதான். ஆனாலும் தவிர்க்க முடியாத வேலை. ஏன் என்றால், அவை மறுபடி கூடிய பிறகு ஒரு சில அமைச்சகங்களின் கோரிக்கையை மட்டுமே விவாதிக்க நேரம் இருக்கும். மீதி எல்லாம் கடைசி நாளில் விவாதமே இல்லாமல் மொத்தமாக ஓட்டுக்குப் போகும். இதற்குக் 'கில்லட்டின்' என்று பெயர். பல அமைச்சகங்களின் பணத்தை உட்கார்ந்து பார்க்கும் ஒரே இடம் குழு மட்டும்தான்.

அடுத்தது, அவையின் தலைவர் அனுப்பிவைக்கும் மசோதா. கெடு வைத்து அனுப்புவார்கள். அது வந்தால் குழு கையிலிருக்கும் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு அதைப் பார்க்க வேண்டும். எல்லா மசோதாவும் குழுவுக்குப் போக வேண்டும் என்று விதி இல்லை. 15ஆவது மக்களவையில் பெரும்பகுதி மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின, 17ஆவதில் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாகவே போயின. குழு எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், அனுப்பாத மசோதாவைத் தானாக எடுத்துப் பார்க்க முடியாது. இந்தச் சரிவு கவலைக்குரியது என்று நாங்கள் நினைக்கிறோம். சட்டத்தின் ஓட்டை சட்டமான பிறகு தெரிவதைவிட, குழு அறையில் தெரிவது எல்லோருக்கும் நல்லது.

மூன்றாவது, பழைய அறிக்கைகளுக்கு அரசு தந்த பதில்களைச் சரிபார்ப்பது. இவை மூன்றும் போக மிஞ்சும் நாட்கள்தான் குழு தானாகத் தேர்ந்தெடுத்த தலைப்புகளுக்கு.

தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் விதம்

குழுவின் ஆயுள் ஓராண்டு. புதிதாக அமைந்ததும் முதல் ஓரிரு கூட்டங்களில் ஆண்டுக்கான தலைப்புப் பட்டியலை முடிவு செய்கிறார்கள். செயலகம், அதாவது குழுவுக்கு உதவும் நாடாளுமன்ற ஊழியர்கள், அமைச்சகங்களின் ஆண்டறிக்கை, தணிக்கை அறிக்கை, முந்தைய குழு விட்டுவைத்த தலைப்புகள் இவற்றிலிருந்து ஒரு வரைவுப் பட்டியல் தயார் செய்து தருவார்கள். உறுப்பினர்களும் தங்கள் யோசனைகளைச் சேர்ப்பார்கள். பேசி ஒத்துக்கொண்ட பட்டியல் அவையின் செய்தி மடலில் வெளியாகும். அதில் பத்து, இருபது தலைப்புகள் இருந்தாலும் ஆண்டு முடிவில் அறிக்கையாக வெளிவருவது சிலதுதான்.

தலைவருக்குப் பட்டியலைத் தனியாக எழுதும் அதிகாரம் இல்லை. ஆனால் எந்தத் தலைப்புக்கு எந்தத் தேதி, யாரைச் சாட்சியாகக் கூப்பிடுவது, ஒரு தலைப்புக்கு எத்தனை கூட்டம் என்பதில் அவர் சொல்லுக்கு நிறைய எடை உண்டு. பட்டியலில் பெயர் வருவது எளிது, தேதி வாங்குவதுதான் கஷ்டம். குழுத் தலைவரின் உண்மையான பலம் அந்தத் தேதிகளில்தான் இருக்கிறது.

என்ன தலைப்பு எடுக்கலாம் என்பதற்கு ஒரு வேலி இருக்கிறது: அமைச்சகத்தின் அன்றாட நிர்வாகத்துக்குள் குழு நுழையக் கூடாது. இதை நம்ம ஊர் உதாரணத்தில் வைத்துப் பார்ப்போம். முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கம் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள் ஆயிரக்கணக்கில். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. முக்கூடலில் அவர்களுக்கென்று மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் மருத்துவமனை இருக்கிறது. அங்கே ஒரு வாரம் டாக்டர் வரவில்லை என்று வைத்துக்கொண்டால், அது அன்றாட நிர்வாகம். குழு அதைத் தொடாது. 'நாடு முழுவதும் பீடித் தொழிலாளர் மருத்துவமனைகளில் டாக்டர் பணியிடங்கள் எத்தனை, எத்தனை காலி, ஏன் நிரப்பவில்லை' என்று கேட்டால், அது கொள்கை. தொழிலாளர், ஜவுளி, திறன் மேம்பாட்டு நிலைக்குழு அதை எடுக்கலாம். முக்கூடல் அந்த விசாரணையில் ஓர் உதாரணமாக வரும்.

இதில் ஒரு பணச் சங்கதியும் இருக்கிறது. முன்பு பீடிக்குத் தனியாக ஒரு செஸ் வரி வாங்கி, அந்தப் பணத்தில்தான் மருத்துவமனையும் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகையும் நடந்தன. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது அந்த செஸ் போய்விட்டது. இப்போது அந்தச் செலவு பட்ஜெட்டிலிருந்து வர வேண்டும். அதாவது, தொழிலாளர் அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையில் ஒரு வரியாக. ஆகவே பீடித் தொழிலாளர் நலன் தலைப்புப் பட்டியலில் இல்லாத ஆண்டிலும், பிப்ரவரி–மார்ச் விசாரணையில் அந்த வரியைப் பற்றிக் கேட்க ஓர் உறுப்பினருக்கு வழி இருக்கிறது. விவரம் தெரிந்த சங்கத்துக்காரர்கள் அந்த மாதத்தைத்தான் குறிவைக்க வேண்டும்.

சுருக்கமாக: மானியக் கோரிக்கையும் மசோதாவும் கட்டாயம், மற்ற தலைப்புகள் மிச்ச நேரத்துக்கு. பட்டியலைக் குழு சேர்ந்து முடிவு செய்கிறது, தேதியில் தலைவரின் கை ஓங்கியிருக்கிறது. அன்றாட நிர்வாகத்துக்கு இடமில்லை.

அறைக்குள் என்ன நடக்கிறது

ஒரு தலைப்பு எடுத்ததும் அமைச்சகத்திடம் பின்னணிக் குறிப்பு கேட்கப்படும். அதைப் படித்து செயலகம் கேள்விப் பட்டியல் தயாரிக்கும். பிறகு அமைச்சகச் செயலாளரும் அதிகாரிகளும் நேரில் வந்து பதில் சொல்வார்கள். அமைச்சரைக் கூப்பிடுவது வழக்கம் இல்லை. அறையிலேயே பதில் தெரியாத கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குவார்கள். நிபுணர்களையும் சங்கங்களையும் அழைப்பதுண்டு, நேரில் போய்ப் பார்ப்பதும் உண்டு. ஆவணம் கேட்கும் அதிகாரம் குழுவுக்கு இருக்கிறது. நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ கேடு என்று காரணம் சொல்லி அரசு ஓர் ஆவணத்தைத் தர மறுக்கலாம்.

கூட்டம் நடக்க உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வந்திருக்க வேண்டும். இதைக் 'கோரம்' என்பார்கள். 31 பேர் குழுவில் பத்துப் பதினோரு பேர். அவ்வளவு பேரும் சேராவிட்டால் தலைவர் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் கூட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டும். விசாரணைக்கென்று ஆயத்தமாக வந்த அதிகாரிகள் திரும்பிப் போவார்கள், அடுத்த தேதி இன்னும் சில வாரம் தள்ளும். தலைப்புகள் முடியாமல் போவதற்கு அரசியல் சதிதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வருகைக் குறைவும் பெரிய காரணம். தலைவர் அனுமதி இல்லாமல் தொடர்ந்து இரண்டு கூட்டங்களுக்கு வராதவரை நீக்க விதி இருக்கிறது.

ஓராண்டு ஆயுளும் ஒரு குறைதான். ஒரு துறையின் சொற்களும் கணக்குகளும் பிடிபடவே ஆறு மாதம் ஆகும். பிடிபட்ட நேரத்தில் குழு கலைந்து, உறுப்பினர் வேறு குழுவுக்குப் போய்விடுவார். 2024இல் ஜூனில் மக்களவை வந்தும் நிலைக்குழுக்கள் அமைந்தது செப்டம்பர் கடைசியில்தான். அந்த மூன்று மாதமும் போனது போனதுதான்.

நிலைக்குழு அறிக்கை பெரும்பாலும் எல்லோரும் ஒத்துக்கொண்டபடி எழுதப்பட வேண்டும். ஒத்துக்கொள்ளாத உறுப்பினர் மாற்றுக் கருத்துக் குறிப்பு எழுதித் தரலாம், அதுவும் அறிக்கையோடு அச்சாகும். அறிக்கையைப் படிக்கும்போது கடைசிப் பக்கங்களை விட்டுவிடாதீர்கள், உண்மையான சண்டை அங்கேதான் இருக்கும்.

அறிக்கைக்குப் பிறகு

குழு சொல்வது ஆலோசனை, உத்தரவு இல்லை. மானியக் கோரிக்கையில் 'இந்தப் பணத்தைக் குறை' என்று வெட்டுத் தீர்மானம் மாதிரி எதையும் நிலைக்குழு சொல்லக்கூட முடியாது. அப்படியானால் அரசு காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்துவிடலாமே? முழுக்க முடியாது. மூன்று மாதத்துக்குள் ஒவ்வொரு பரிந்துரைக்கும் என்ன செய்தோம் என்று அமைச்சகம் எழுதித் தர வேண்டும். அந்தப் பதில்களைக் குழு தரம் பிரித்து, 'நடவடிக்கை எடுத்த அறிக்கை' என்று இன்னொரு புத்தகமாக வெளியிடும். முதல் அத்தியாயத்தில் குழுவின் கருத்து. இரண்டாவதில் அரசு ஏற்றுக்கொண்டவை. மூன்றாவதில் அரசின் பதிலைப் பார்த்துக் குழுவே விட்டுவிட்டவை. நான்காவதில் பதில் போதாது என்று குழு ஏற்காதவை. ஐந்தாவதில் முடிவான பதில் இன்னும் வராதவை.

ஒரு துறையில் எங்கே முடிச்சு விழுந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் நான்காவது அத்தியாயத்தைப் படியுங்கள். அரசு ஒன்று சொல்லி, குழு அதை ஏற்காமல் மறுபடி கேட்டு, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகியிருக்கும். எந்தத் தொலைக்காட்சி விவாதத்திலும் கிடைக்காத விவரம் அது.

இங்கிருந்து எப்படிக் கருத்துச் சொல்வது

மசோதா குழுவுக்குப் போனால், கருத்துக் கேட்டுப் பத்திரிகையிலும் இணையதளத்திலும் அறிவிப்பு வரும். கெடு பெரும்பாலும் 15 நாள். கருத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோ இரண்டு பிரதியாகக் கேட்பார்கள். நேரில் வந்து பேச விருப்பம் என்றால் அதையும் அதே கடிதத்தில் எழுத வேண்டும், பிறகு கேட்டால் நடக்காது. அனுப்பிய கருத்து குழுவின் ஆவணமாகிவிடும். அதை வெளியில் சுற்றுக்கு விடக் கூடாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

பொதுத் தலைப்பு என்றால், குழு புதிதாக அமைந்த முதல் வாரங்கள்தான் நேரம். பட்டியல் வெளியான பிறகு மனு கொடுப்பது, தண்ணீர் அடைத்த பிறகு கடைமடைக்காரர் போய் நிற்பது மாதிரி. தலைவரிடம்தான் கொடுக்க வேண்டும் என்று இல்லை, அந்தக் குழுவில் இருக்கும் எந்த உறுப்பினரும் தலைப்பைச் சொல்லலாம். ஒரே ஊரின் குறையாக எழுதாமல், எத்தனை ஊரில், எந்தத் திட்டத்தில், எந்த ஆண்டிலிருந்து, எவ்வளவு பணம் ஒதுக்கி எவ்வளவு செலவானது என்று இரண்டு பக்கத்துக்குள் எழுதுங்கள். செயலகத்தின் கேள்விப் பட்டியலில் நேராக ஏறக்கூடிய வடிவம் அது.

தெருவிளக்கு, வாய்க்கால் பாலம், நின்றுபோன பஸ் என்றால் டெல்லிக் குழு வேண்டாம். தமிழ்நாடு சட்டப்பேரவையின் மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வந்து, நாள்பட்ட பொதுப் பிரச்சினைகளைக் கலெக்டர் அலுவலகத்தில் அதிகாரிகளை வைத்துக்கொண்டு விசாரிக்கிறது. வருவதற்கு முன் மனு கேட்டு அறிவிப்பு வரும். ஒரு மனுவில் ஒரு பிரச்சினை, ஒரு துறை மட்டும் இருக்க வேண்டும். கோர்ட்டில் கிடக்கும் வழக்கு, வேலை கேட்பது, பட்டா, முதியோர் உதவித்தொகை போன்ற தனிநபர் கோரிக்கைகளை எடுக்க மாட்டார்கள். மூன்று தெருவின் குறையை ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால் மூன்றுமே நின்றுபோகலாம். மூன்று தாளாகக் கொடுங்கள்.